ஒரு சாண் மூடாக்கு

மார்ச் 2, திங்கள்

பனி விழுவது நின்றுவிட்டது. காலையில் புல்லின் மேல் வெள்ளை இல்லை, குழாயில் தண்ணீர் வருகிறது. கோத்தகிரிக்கு வசந்தம் வந்ததற்கு எனக்கு இந்த இரண்டு அத்தாட்சி போதும். மண்வெட்டியை எடுத்துவிட்டேன்.

இதையெல்லாம் எழுதி வைக்கக் காரணம் உண்டு. நாளைக்கு யாராவது வந்து, ஆறுச்சாமி எதை எப்போது செய்தார் என்று கேட்டால் காகிதத்தில் இருக்க வேண்டும். அரசு பஸ்ஸில் முப்பது வருடத்துக்கு மேல் கண்டக்டராக இருந்தவன் நான். டிரிப் ஷீட் எழுதாமல் ஒரு நாளும் வண்டியை விட்டு இறங்கியதில்லை.

வீட்டு முன்னால் சரிவில் நான்கு பாத்திகள். கேட் ஓரம் முதலாவது, வாசல்படி ஓரம் இரண்டாவது, ஜன்னலுக்குக் கீழே மூன்றாவது, தண்ணீர்த் தொட்டி ஓரம் நான்காவது. இத்தனை காலமும் என் மனைவி நாகரத்தினம்தான் அவற்றில் டேலியாப் பூச்செடி போட்டு வந்தாள். நான் வண்டியில் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகுதான் இந்த விஷயத்தைப் படித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் நூலகத்தில் தோட்டக்கலை பற்றி இருந்த மூன்று புத்தகங்களையும் அட்டை முதல் அட்டை வரை படித்திருக்கிறேன். போனில் வீடியோவும் பார்க்கிறேன். மூடாக்கு என்று ஒன்று இருக்கிறது. நட்ட மண்ணைச் சருகால் மூடி வைப்பது. ஈரம் காயாது, களை வராது. இதைச் சொன்னால் ரத்தினம் சிரிக்கிறாள்.

மகள் கோகிலாவின் பிரசவத்துக்கு அவள் திருப்பூர் கிளம்பிய அன்று நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"மூடாக்குப் போடுங்க, வேண்டாங்கல. ரெண்டு விரக்கட போதும். நீங்க சொல்ற மாதிரி ஒரு சாணுக்குப் போட்டா, கெழங்கு மூச்சு முட்டிச் செத்துப்போயிருங்க."

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குது."

"அந்தப் புத்தகம் எழுதுனவரு கோத்தகிரியிலயா குடியிருக்காரு?"

"ஒரு சாண்னா ஒரு சாண்தான். போட்டதுக்கப்புறம் என் கையால ஒரு சருகு எடுக்க மாட்டேன்."

"அப்ப இந்த வருசம் நீங்களே நடுங்க. பூப் பூத்தாச் சொல்லி அனுப்புங்க, வர்றேன். அதுவரைக்கும் எம்பொண்ணு கூடவே இருந்துக்கறேன்."

பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். பேத்தி பிறந்தபோது நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே இருவரும் குழந்தையின் மூக்கைப் பற்றி மட்டும் பேசினோம். அதன் பிறகு போன் இல்லை. அவளும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. எனக்கு இதில் வருத்தம் எதுவும் கிடையாது. வேலை இருக்கிறது.

காலையில் இரண்டு டம்ளர் காப்பி போட்டுவிட்டேன். பால் அதிகமாக இருந்ததால்.

மார்ச் 4, புதன்

கட்டிலுக்கு அடியில் ரத்தினம் மணல் போட்டு மூடி வைத்திருந்த மரப்பெட்டியை இழுத்தேன். டேலியாக் கிழங்குகள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போலக் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. ஒன்றுகூடக் கெடவில்லை. ஒவ்வொரு கொத்தின் கழுத்திலும் ஒரு கந்தல் துணியைக் கட்டியிருந்தாள். பழைய சேலைகளில் கிழித்தது, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, ஊதா என்று பல நிறம். எதற்கு இந்த வேலையோ. கிழங்குக்கு என்ன சளியா பிடிக்கும்? எல்லாவற்றையும் அவிழ்த்துத் துவைத்துக் கொடியில் போட்டேன். அடுப்பு மேடை துடைக்க ஆகும்.

மார்ச் 6, வெள்ளி

நட்டாயிற்று. ஒரு முழத்துக்கு ஒரு குழி, முளைக்கண் மேலே பார்க்க, பக்கத்தில் தாங்குகுச்சி. குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மருந்து தேய்க்க இரண்டு கையும் முதுகுப் பக்கம் எட்டவில்லை. சுவரில் தேய்த்துக்கொண்டேன். சுவரில் எண்ணெய்க் கறை. அதைத் துடைக்கக் கந்தல் துணி பயன்பட்டது.

மார்ச் 8, ஞாயிறு

எஸ்டேட் ரோட்டோரம் சில்வர் ஓக் சருகு குவிந்து கிடக்கிறது. கேட்பார் இல்லை. மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, பச்சைப் புல்லும் வெட்டிக் கலந்து, நான்கு பாத்தியிலும் கொட்டி, மிதித்து, தண்ணீர் தெளித்தேன். கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை கையை விரித்து வைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் சரியாக ஒரு சாண்.

கீழ் வீட்டு ஸ்டெல்லா வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள், வீட்டில் கோழி வளர்த்து முட்டை விற்கிறாள். வாய் எப்போதும் சும்மா இருக்காது.

"கண்டக்டரண்ணா, மெத்தை பலமா இருக்குதே. யாரு படுக்க?"

"இதுக்குப் பேரு மூடாக்கு."

"ஓ! அப்ப அந்தக் கொடியில தொங்கற கலர்த் துணியெல்லாம் தலகாணி உறையா?"

நான் காலிச் சாக்குகளை மடித்தேன். துணியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 9, திங்கள்

காலையில் எழுந்து பார்த்தால் நான்காம் பாத்தியில் சருகு இல்லை. நடைபாதை முழுக்கச் சருகு. நடுவில் செங்கல் நிறத்தில் ஒரு கோழி.

என்னைப் பார்த்தது. வேலையை நிறுத்தவில்லை. வலது காலால் இரண்டு இழுப்பு, இடது காலால் ஒன்று, ஓரடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்து ஒரு பார்வை. புழு இருந்தால் கொத்து, இல்லாவிட்டால் அடுத்த இடம். அதன் பின்னால் ஏழெட்டுக் கோழிகள் வரிசையாக நின்றன. ஸ்டாப்பே இல்லாத இடத்தில் கை காட்டி ஏறி, முன் சீட்டிலிருந்து பின் சீட் வரை ஒருவர் விடாமல் டிக்கெட் கேட்கும் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஒருவர் எங்கள் டெப்போவில் இருந்தார். அதே பார்வை, அதே நடை.

இந்தக் கோழிக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

கோழிகளுக்கும் எனக்கும் உள்ள கணக்கு பழையது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் கடைசி டிரிப்பில் ஒரு பாட்டி ஏறினார். மடியில் சேலைக்குள் என்னவோ வைத்திருந்தார். ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் நான் மேலே சொன்ன இன்ஸ்பெக்டர் ஏறினார். எல்லா டிக்கெட்டும் சரி. இறங்கப் போகும் நேரத்தில் பாட்டியின் சேலைக்குள்ளிருந்து ஒரு கோழி தலையை நீட்டி அவரைப் பார்த்தது. "இதுக்கு லக்கேஜ் டிக்கெட் எங்கே?" என்றார். மடியில் உட்கார்ந்திருப்பது லக்கேஜ் ஆகாது, குழந்தை மாதிரி என்றேன். மெமோ கொடுத்துவிட்டார். சம்பள உயர்வு தள்ளிப்போனது. எழுத வேண்டியவர்களுக்கெல்லாம் எழுதினேன். பதில் இல்லை. என் சர்வீசில் ஒரே மெமோ அதுதான். ஒரு கோழியால். இன்றைக்கும் சொல்கிறேன், மடியில் இருப்பது லக்கேஜ் இல்லை.

ஸ்டெல்லாவிடம் முறையாகப் புகார் செய்தேன்.

"உங்கோழிய அடைச்சு வையிம்மா."

"அடைச்சு வெச்சா முட்டை வெக்காதுங்ணா. அதுக்கும் காத்து வேணுமில்ல?"

"காத்து வாங்க எம்பாத்திதான் கிடைச்சுதா?"

"நீங்க புழுவுக்கு மெத்தை போட்டு வெச்சிருக்கீங்க. அதுக என்ன பண்ணும்? பந்தி விரிச்ச வீட்டுக்கு வர்ற மாதிரி வருதுக."

"அந்தச் செவப்பு இருக்குதே, இன்ஸ்பெக்டரு, அதுதான் மத்ததையெல்லாம் கூட்டிட்டு வருது."

"இன்ஸ்பெக்டரா! பேரு நல்லா இருக்குதே. ஏய் இன்ஸ்பெக்டரு, இங்க வா. கண்டக்டரு உன்மேல கம்ப்ளெயிண்டு குடுக்கறாரு."

கோழி திரும்பிப் பார்த்தது. பெயர் அதற்குப் பிடித்துவிட்டது.

மார்ச் 14, சனி

மூன்று, நான்காம் பாத்திகளில் நான் சருகைத் திரும்பப் போடுவது, இன்ஸ்பெக்டர் எடுப்பது, நான் போடுவது என்று இந்த வாரம் போயிற்று. இன்று பின்கட்டில் கிடந்த பழைய கம்பி வலையை எடுத்து இழுத்துக் கட்டினேன். இரண்டு பாத்திக்குத்தான் வந்தது. முதலாவதும் இரண்டாவதும் இனிப் பத்திரம். தெருவில் போகிறவர்கள் பார்ப்பது அவற்றைத்தான். மற்ற இரண்டையும் கோழிகளுக்குத் தானமாக விட்டுவிட்டேன். அவை தேறாது.

மார்ச் 18, புதன்

ஸ்டெல்லா ஒரு கிண்ணத்தில் பச்சைப்பயறு கடைசலும் கொள்ளு ரசமும் கொண்டுவந்து கொடுத்தாள். அதிகமாகச் செய்துவிட்டாளாம். சின்ன வெங்காயம் அரைபட்டும் படாமலும், கடைசியில் ஒரு சொட்டு நல்லெண்ணெய். ரத்தினம் செய்கிற அதே பக்குவம். ஸ்டெல்லா சாதாரணமாகப் பருப்பில் பூண்டை அள்ளிப் போடுகிறவள். இந்தப் பக்குவம் எங்கிருந்து வந்ததோ.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. காலையில் கூண்டைத் திறப்பதற்கு முன்னால் போனில் யாரோ ஓர் அக்காவிடம் பேசுகிறாள். அடுத்தவர் பேச்சைக் கேட்பது என் வழக்கமில்லை. கேட்டில் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது.

"இல்லீங்க்கா, நேத்து வெறும் கஞ்சிதான் குடிச்சாரு. லைட்டு மட்டும் ரொம்ப நேரம் எரிஞ்சுது... ஆமாங்க்கா, இடுப்பு இன்னும் பிடிச்சுத்தான் நடக்கறாரு... சரிங்க்கா, தொறந்து உட்டர்றேன்."

யாரைச் சொல்கிறாள் என்று தெரியவில்லை. அவள் கணவன் லாரி ஓட்டுகிறவன், மைசூரில் இருக்கிறான். தன் வீட்டுக் கோழிக்கூண்டைத் திறக்கக்கூட யாரிடமோ உத்தரவு கேட்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். ஆணி வளைந்துவிட்டது.

மார்ச் 27, வெள்ளி

நான்காம் பாத்தியில் முளை. கருஞ்சிவப்பாக, குழந்தையின் கைவிரல் மாதிரி சுருண்டு வந்திருக்கிறது. மூன்றாம் பாத்தியிலும் நாலைந்து இடத்தில் மண் வெடித்திருக்கிறது.

முதல் இரண்டில் இன்னும் வரவில்லை. நல்ல பாத்திக்கு நேரம் எடுக்கும்.

மார்ச் 31, செவ்வாய்

மூன்றிலும் நான்கிலும் இரண்டிரண்டு இலை. முதல் இரண்டில் ஒன்றும் இல்லை. வெயில் அந்தப் பக்கம் அதிகம் விழுகிறது, அதுதான் காரணம்.

ஸ்டெல்லா வந்து நின்றாள். "எல்லாப் பாத்திக்கும் ஒரே வெயில்தானுங்ணா?" என்றாள். கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

ஆய்வுக்காக முதல் பாத்தியின் வலைக்குள் கையை விட்டு ஒரு மூலையில் சருகை விலக்கிப் பார்த்தேன். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய பானை மாதிரி. ஈரச் சாக்கு நாற்றம். சருகு சருகாக இல்லை, கூழாகிவிட்டது. ஓடில்லாத நத்தைகள் குடும்பத்தோடு இருந்தன.

முதல் கிழங்கைத் தொட்டேன். கனிந்த பப்பாளி போல விரல் உள்ளே போயிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கெட்டியாக இருந்தது. அதிலிருந்து ஒரு முளை, மெழுகுவர்த்தி போல வெளுத்து, மேலே வர வழியில்லாமல் பக்கவாட்டில் ஒரு விரல் நீளத்துக்கு ஊர்ந்து போயிருந்தது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியவில்லை.

விலக்கிய சருகை அப்படியே திரும்ப வைத்தேன். என் கையால் எடுக்க மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். ஆய்வுக்காக விலக்கிப் பார்ப்பது எடுத்ததில் சேராது.

பாதிக் கிழங்காவது உயிரோடு இருக்கும். இன்னும் ஒரு வாரம் போனால் அதுவும் இருக்காது. அவள் கொத்துக் கொத்தாக மணலில் படுக்க வைத்துவிட்டுப் போன கிழங்குகள்.

சாப்பாடு இறங்கவில்லை. ரசத்தில் உப்பு அதிகம்.

ஏப்ரல் 3, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது என்பதற்காக.

காலையில் முதல் இரண்டு பாத்தியின் வலையையும் கழற்றினேன். துருப்பிடித்திருந்தது. துருப்பிடித்த கம்பி ஆபத்து.

கழற்றிவிட்டு, படியில் உட்கார்ந்து கோழிகளுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. நான் விரட்டிய காலத்தில் விடியும் முன்பே வந்தவை, இன்று பார்த்து ஒன்றுகூட வரவில்லை. எட்டிப் பார்த்தால் கூண்டு சாத்தியிருந்தது. பெரிய வெள்ளி. ஸ்டெல்லா கோயிலுக்குப் போனால் மூன்று மணி வழிபாடு முடியாமல் வர மாட்டாள்.

வேலியைத் தாண்டினேன். இடுப்பு இருக்கிற இருப்பில் அதற்கே வெகுநேரம் பிடித்தது. கூண்டைத் திறந்தேன். கோழிகள் வெளியே வந்து நேராக மூன்றாம் பாத்திக்குப் போயின. "அங்க இல்ல, முன்னாடி போ, முன்னாடி இடம் இருக்குது" என்றேன். கேட்கவில்லை. அரிசியை முதல் பாத்தி வரை வரிசையாகத் தூவினேன். வரிசையில் கடைசி அரிசியைத் தின்றதும் திரும்பிப் போய்விட்டன. ஒன்று சமையலறைக்குள் போயிற்று. அதை வெளியே கொண்டுவருவதற்குள் பால் கொட்டியது.

கடைசியில் அலமாரியிலிருந்து என் பழைய விசிலை எடுத்து ஊதினேன். எல்லாம் அப்படியே நின்றன. இன்ஸ்பெக்டர் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். பிறகு அது மெதுவாக நடந்து வந்து முதல் பாத்தியில் ஏறியது. வலது காலால் இரண்டு, இடது காலால் ஒன்று. கூழான சருகு பின்னால் பறந்து என் வேட்டியில் விழுந்தது. ஒரு நத்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அதைப் பார்த்ததும் மற்றவையும் வந்துவிட்டன. இரண்டு மணி நேரத்துக்கு அங்கே பந்திதான். நான் குச்சியோடு நின்று, எந்த முளையும் மிதிபடாமல் பார்த்துக்கொண்டேன்.

வெள்ளைச் சேலையில் ஸ்டெல்லா வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"என்னங்ணா, எங்கூண்டு தொறந்து கெடக்குது?"

"காத்து வாங்க உட்டேன். நீதான சொன்ன, அதுக்கும் காத்து வேணும்னு."

"வலை எங்கீங்ணா?"

"துருப்புடிச்சுப் போச்சு."

"அப்ப மூடாக்கை எடுத்துட்டீங்க."

"நான் ஒரு சருகு எடுக்கல. பாரு, கை சுத்தமா இருக்குதா? எடுத்தது கோழி."

அவள் என் கையைப் பார்த்தாள், வேட்டியைப் பார்த்தாள், என் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரிய வெள்ளியும் அதுவுமா என்னைச் சிரிக்க வெக்கறீங்களேண்ணா. சாமி மன்னிக்குமா?"

பிறகு போனை எடுத்துக் கோழிகளைப் படம் பிடித்தாள். அதில் நான் ஏன் வர வேண்டும் என்று தெரியவில்லை, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்ணா" என்றாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். ஸ்டெல்லா வீட்டிலிருந்து கறிக்குழம்பும் கேக்கும் வந்தன. கோழிகளுக்கு நான் ஒரு கை கம்பு போட்டேன். வேலை செய்தால் கூலி உண்டு.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. முதல் பாத்தியில் அந்த மெழுகுவர்த்தி முளை பச்சையாகிவிட்டது. கோணலாகத்தான் நிற்கிறது. குச்சி வைத்துக் கட்டினேன். கட்ட ஏதாவது துணி வேண்டும் என்று பார்த்தபோது மஞ்சள் கந்தல் கிடைத்தது. கட்டும்போதுதான் அந்தத் துணிகள் எதற்கு என்று எனக்குப் புரிந்தது. எந்தக் கொத்து எந்த நிறப் பூ என்பதற்கு அடையாளம். எப்படியானாலும் நிறங்களைக் கலந்து நடுவதுதான் இப்போது வழக்கம். வீடியோவில் பார்த்திருக்கிறேன்.

கோகிலா போன் செய்தாள். குழந்தை குப்புற விழுகிறதாம்.

"அப்பா, அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. பேசறீங்களா?"

"பேச என்ன இருக்குது? பூத்தாச் சொல்லி அனுப்பறதுன்னு பேச்சு. இன்னும் பூக்கல."

அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு. கோகிலா மீண்டும் வந்தாள். "உங்க இடுப்புக்குத் தைலம் பீரோவுல மேல் தட்டுல, கம்பளிச் சொட்டருக்குப் பின்னால இருக்குதாம்."

"எனக்கு இடுப்பு வலின்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

தைலம் அங்கேதான் இருந்தது.

ஏப்ரல் 22, புதன்

கோடை மழை. நடைபாதையில் ஓடை. பாத்தி மண் ஒரு பிடிகூடக் கரையவில்லை. கோழிகள் விட்டுவைத்த சருகு இரண்டு விரற்கடை இருக்கும், அது மண்ணைப் பிடித்துக்கொண்டது. மூடாக்கின் பயனை இதைவிட நன்றாக யாரும் நிரூபிக்க முடியாது. நான் முதலிலிருந்தே சொல்லி வருகிறேன்.

மே 3, ஞாயிறு

நான்காம் பாத்தியில் மொட்டு. கோலிக்குண்டு அளவு. என்ன நிறம் என்று சொல்ல முடியவில்லை. சாயங்காலம் வரை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இன்ஸ்பெக்டரும் இருந்தது.

மே 10, ஞாயிறு

பூத்துவிட்டது. அடர்ந்த சிவப்பு, உள்ளங்கை அகலம். இதழ்களை யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்து வைத்தது போல் இருக்கிறது.

ஸ்டெல்லா ஓடி வந்தாள். "அக்காவுக்குப் போன் போடுங்ணா!"

"போன் பண்றதாப் பேச்சில்ல. சொல்லி அனுப்பறதாத்தான் பேச்சு."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"இல்ல."

மே 11, திங்கள்

காலை முதல் வண்டிக்குப் போனேன். மலைப் பாதையில் ஓடும் பஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. டைரக்ட் வண்டி இல்லாத ஊருக்கும் சாமான் போகும், ஒரு கண்டக்டர் அடுத்த கண்டக்டரிடம் ஒப்படைப்பார். நானே எத்தனையோ மருந்துப் பொட்டலமும் கல்யாணப் பத்திரிகையும் இப்படிச் சேர்த்திருக்கிறேன்.

டிபன் டப்பாவில் ஈரத் துணி விரித்துப் பூவை வைத்திருந்தேன். ஈரத் துணி சிவப்புக் கந்தல். கண்டக்டர் குப்புராஜிடம் கொடுத்தேன்.

"மேட்டுப்பாளையத்துல திருப்பூர் வண்டி கண்டக்டர் கையில குடுத்துரு. சாய்க்காத. வெயில்ல வெக்காத. எம்பொண்ணு ஸ்டாப்புல நிக்கும்."

"என்னங்ணா இது, தங்கமா?"

"டேலியா."

"யாருக்கு?"

"ஒருத்தருக்கு."

குப்புராஜ் டப்பாவைத் தன் சீட்டின் ஜன்னலோரம் வைத்து, துண்டைச் சுற்றிவிட்டு விசில் கொடுத்தான். கோகிலாவுக்கு மட்டும் போன் செய்து, ஒரு டப்பா வருகிறது, வாங்கிக்கொள் என்றேன். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

என் சொந்தப் பாத்தியில், அதாவது முதலாவதில், பூக்கும் வரை காத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். மழை வலுத்தால் பாதை கெட்டுவிடும். அதனால் இன்றே அனுப்பினேன்.

மே 12, செவ்வாய்

கடைசி வண்டியில் டப்பா திரும்பி வந்தது. குப்புராஜ் ஜன்னல் வழியாக நீட்டினான். "கனமா இருக்குதுங்ணா. பதில் வந்திருக்குதாட்ட இருக்குது."

ஸ்டாண்டிலேயே திறந்தேன். பூ இல்லை. சொல்லும் இல்லை. விளிம்பு வரை கம்பு.

கம்பை வைத்து நான் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். கேட்டைத் திறந்ததும் இன்ஸ்பெக்டர் ஓடி வந்து டப்பாவைக் கொத்தியது. அப்போது புரிந்தது, அது கோழிகளுக்குக் கூலி. கஞ்சி குடித்ததைச் சொன்னது, கடைசல் பக்குவம், இடுப்புத் தைலம், காலையில் கூண்டு திறக்கும் முன் உத்தரவு கேட்டது, எல்லாம் ஒரே ரூட்டில் வந்து நின்றன. இன்ஸ்பெக்டரை என் பாத்திக்கு அனுப்பியது யார் என்றும் தெரிந்தது. திருப்பூரில் உட்கார்ந்துகொண்டே என் மூடாக்கைச் செக்கிங் செய்திருக்கிறாள்.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். "அந்த அக்கா யாரும்மா?"

"எந்த அக்காங்ணா?" என்றாள். முகம் கோயிலுக்குப் போகும்போது இருப்பது மாதிரி இருந்தது.

எனக்கு முன்பே தெரியும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கம்பைக் கோழிகளுக்குப் போட்டேன். வரும் சமயத்தைச் சொல்லாமல் கம்பு அனுப்பினால் என்ன அர்த்தம்? வருவாளா, மாட்டாளா? பூத்தால் வருகிறேன் என்றுதான் பேச்சு.

மே 13, புதன்

வீடு முழுக்கக் கூட்டினேன். சுவரில் எண்ணெய்க் கறை போகவில்லை. அந்த இடத்தில் காலண்டரை மாட்டினேன்.

மே 14, வியாழன்

மதிய வண்டிக்குத் தற்செயலாக ஸ்டாண்டுப் பக்கம் போயிருந்தேன். காலை வண்டிக்கும் தற்செயலாகப் போயிருந்தேன்.

ரத்தினம் முன்படியில் இறங்கினாள். இளைத்திருந்தாள். ஒரு தோளில் பை, மறு கையில் ஒயர் கூடை. கூடையிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டைக் கோழி தலையை நீட்டி என்னைப் பார்த்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ரத்தினம் ஒரு காகிதத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"மொதல்ல இதப் பாருங்க. அப்புறம் பேசலாம். லக்கேஜ் டிக்கெட்டு. கோழிக்கு."

வண்டியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். குப்புராஜ் படியில் நின்றுகொண்டு, "மடியிலதான் வெச்சிருந்தாங்கண்ணா. வேண்டாம்னு சொல்லியும் கேக்கல" என்றான். டிக்கெட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தேன். சரியாக இருந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்தப் பையில் கொஞ்ச நேரம் கையை வைத்தபடியே நின்றிருந்தேன். வெயில் கண்ணில் அடித்தது.

கூடையை நான் வாங்கிக்கொண்டேன். வீடு வரை அவள் பேத்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். கேட்டில் நின்றாள். நான்காம் பாத்தியில் ஏழெட்டுப் பூ. மூன்றாவதில் நாலு. முதலாவதில் அந்தக் கோணல் செடியில் ஒரு மொட்டு. சிவப்புக்குப் பக்கத்தில் வெள்ளை, வெள்ளைக்குப் பக்கத்தில் ஊதா, அதற்கடுத்து ஆரஞ்சு.

"என்னங்க இது, திருவிழாக் கடைவீதியாட்ட இருக்குது. நான் கட்டி வெச்ச துணியெல்லாம் எங்கீங்க?"

"அடுப்பு மேடை துடைக்கறேன்."

அவள் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, முதல் பாத்தியில் விரலை ஊன்றி அளந்தாள்.

"ரெண்டு விரக்கடதான் இருக்குது."

"நான் போட்டது ஒரு சாண். அதுல மாத்தமில்ல. என் கையால ஒரு சருகு எடுக்கல."

"தெரியுங்க. விசில் ஊதித்தான எடுத்தீங்க."

ஸ்டெல்லா வேலி ஓரம் நின்று சில்வர் ஓக் மரத்தை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருடம் ஒரு சாண் போட வேண்டும் என்று நான் சொன்னேன். இரண்டு விரற்கடை என்று அவள் சொன்னாள். ஒரு சாண் போடுவது நான், எடுப்பது கோழி என்று முடிவாயிற்று. ஆக என் பேச்சுத்தான் நின்றது.

மே 15, வெள்ளி

புதுக் கோழியை இன்ஸ்பெக்டர் கூண்டு வாசலிலேயே நிறுத்திச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. நான் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன். அதன் பிறகு உள்ளே விட்டது.

காலையில் இரண்டு டம்ளர் காப்பி போட்டேன். பால் சரியாக இருந்தது.